நியெமி வீட்டுத் தோட்டா மேசை

1971ஆம் வருஷம் நவம்பரில், மான் வேட்டை தொடங்கிய முதல் நாள் காலையில், வீட்டை அடுத்த காட்டில் ஹெல்மி நியெமி சுட்டபோது துப்பாக்கியிலிருந்து சத்தம் வரவில்லை. தோளில் உதைத்தது, புகை வந்தது, எதிரே நின்ற கொம்பு மான் விழுந்தது. மேல் கிளையில் உட்கார்ந்திருந்த காக்கை தலையைக்கூடத் திருப்பவில்லை.

அவளுக்கு வேண்டியிருந்ததும் அதுதான். அவள் கணவன் அர்வோ வியட்நாம் சண்டையிலிருந்து திரும்பி ஒன்றரை வருஷமாகியிருந்தது. கை கால் முழுசாக வந்துவிட்டன. ஆனால் எங்காவது கதவு படாரென்று சாத்தினால் போதும், கட்டிலுக்கடியில் போய்விடுவான். மிச்சிகனின் வடகோடியில், சுப்பீரியர் ஏரிக்கரை ஊரில், சுரங்கமும் மூடிவிட்ட நிலையில், மான் கறி இல்லாமல் பனிக்காலத்தைத் தள்ள முடியாது. கல்யாணமான புதிதில் அர்வோ நிலவறையில் ஒரு மேசை செய்து வைத்திருந்தான். அவனும் ஹெல்மியும் முதன்முதலில் சந்தித்த, பந்துருட்டி ஆடும் பவுலிங் கூடத்தை இடித்தபோது வாங்கிவந்த பலகை அது. சுட்டுத் தீர்ந்த பித்தளைக் கூடுகளில் மறுபடி மருந்தும் குண்டும் ஏற்றுவதற்கான கைப்பிடி யந்திரம் அதில் முடுக்கப்பட்டிருந்தது. திரும்பி வந்தபின் அவன் அந்தப் பக்கமே போகவில்லை. அக்டோபரில் ஹெல்மியே போய் உட்கார்ந்து, அவன் செய்ததைப் பார்த்த ஞாபகத்தில் நாற்பது தோட்டா போட்டாள். ஒவ்வொன்றுக்கும் கைப்பிடியை அழுத்தும்போது, தொட்டில் பக்கத்தில் பேசுவதுபோல, "சத்தம் போடாதே, அவன் தூங்கட்டும்" என்றாள்.

மறுநாள் அர்வோவும் காட்டுக்கு வந்து, காதைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான்.

"எப்ப சுடப்போற?"

"சுட்டாச்சுப்பா. மான் விழுந்து அஞ்சு நிமிஷமாச்சு. எந்திரி, தூக்கணும்."

அவன் சிரித்தான். ராணுவ டாக்டர் கொடுத்த எந்த மருந்துக்கும் கேட்காத உடம்பு இந்த மருந்துக்குக் கேட்டது என்று ஊரில் சொல்லிக்கொண்டார்கள்.

வேட்டை அதிகாரி டேல், சத்தத்தை அடக்கச் சட்டவிரோதமாக ஏதோ பொருத்தியிருக்கிறார்கள் என்று நினைத்துத் துப்பாக்கியைக் கழற்றிப் பார்த்தார். ஐந்து தோட்டாவை எடுத்துப்போய் முப்பது மைல் தள்ளிச் சுட்டதில் அலுவலகக் கண்ணாடி அதிர்ந்தது. திரும்பி வந்து நியெமி வீட்டு முற்றத்தில் சுட்டால் மூச்சில்லை.

"அங்க அந்தப் போடு போட்டுச்சே, இங்க ஏன் ஊமையாயிடுச்சு, மிஸஸ் நியெமி?"

"இவன் பக்கத்துல இருந்தா வாயத் திறக்காது."

டேல் அதை அப்படியே எழுதிக்கொண்டு, காப்பி குடித்துவிட்டுப் போனார்.

அக்டோபர்தோறும் ஹெல்மி தோட்டா போட, இப்படி முப்பத்தொன்பது நவம்பர்கள் போயின. மகள் கிர்ஸ்தி பிறந்து, படித்து, கிரீன் பே நகரத்தில் வேலைக்குப் போனாள். 2010 மார்ச்சில் அர்வோ நுரையீரல் கெட்டு, ஹெல்மியின் கையைப் பிடித்தபடி இறந்தான். வீட்டை விற்றுவிட்டு அம்மாவைத் தன்னோடு கூட்டிப்போக கிர்ஸ்தி ஏற்பாடு செய்தாள். விலை பேசியாயிற்று. மேசையை அறுக்காமல் நிலவறையிலிருந்து எடுக்க வழியில்லை. வாங்குகிறவர் வைத்துக்கொள்ளட்டும் என்றாள். ஹெல்மி நிலவறைக்குப் போய் மேசையைத் துடைத்துவிட்டு வந்தாள்.

நவம்பரில் தாயும் மகளும் கடைசி முறையாகக் காட்டுக்குப் போனார்கள். மான் வந்து நின்றது. ஹெல்மி குறி வைத்துவிட்டுத் துப்பாக்கியை இறக்கினாள். வயசினால் அல்ல. வெடிச்சத்தம் கேட்டால் அவன் இல்லை என்பது முடிவாகிவிடும் என்று எட்டு மாதமாக அவள் ஒரு தோட்டாகூடச் சுடவில்லை.

"என்னால ஆகாதுடி. நீயே சுடு" என்று துப்பாக்கியை மகளிடம் கொடுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை.

"சுடேண்டி!"

"சுட்டுட்டேம்மா" என்றாள் கிர்ஸ்தி. "மான் விழுந்துடுச்சு."

ஹெல்மி கண்ணைத் திறந்தாள். மகளின் தோளைத் தடவிக்கொடுத்தாள். இருவரும் மானை இழுத்துவந்து வண்டியில் ஏற்றினார்கள். முன்பக்கம் ஒரே நீள இருக்கை. ஹெல்மி நடுவில் ஓர் ஆள் இடம் விட்டுக் கதவோரமாக ஒட்டி உட்கார்ந்தாள். கிர்ஸ்தி கொஞ்சம் பார்த்துவிட்டு, தானும் நகர்ந்துகொண்டாள்.

"வீடு வாங்கறவருக்குப் போன் பண்ணணும்மா."

"என்னன்னு சொல்லப்போற?"

"வீடு காலியில்ல, ஆள் இருக்காங்கன்னு."