எட்டுக் கட்டத்தில் ஒரு திருநாள்

"படிக்க அனுப்புனா படம் போடவா சொல்லித் தர்றாங்க?" சாங்வூ கைப்பேசியை மேசைமேல் ஓங்கி வைத்தான். மகள் பொம் வரைந்த படக்கதையை யாரோ பெற்றோர் குழுவில் போட்டுவிட்டார்கள்.

அறுவடைத் திருநாள் வீட்டில் எப்படி நடந்தது என்று எட்டுக் கட்டத்தில் படக்கதை போடச் சொல்லியிருந்தாள் ஓக்சன் டீச்சர். பொம்முடைய எட்டுக் கட்டத்திலும் அப்பா சோபாவில் படுத்திருந்தார். அம்மாவுக்கு முதுகும் கரண்டியும்தான்.

"அம்மா மூஞ்சி எங்கடி?" என்று மகளைக் கேட்டான்.

"தெரிஞ்சாத்தானே வரையறதுக்கு? அடுப்புப் பக்கமே திரும்பியிருந்தாங்க."

அவன் மனைவி யுன்ஹீ எவ்வளவோ அடக்கியும் சிரிப்பு மூக்கு வழியாக வந்துவிட்டது. சாங்வூ இருவரையும் இழுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனான்.

"இதக் கிழிங்க டீச்சர். ஊரே சிரிக்குது."

"எதக் கிழிக்க? எல்லாத்தையும் பாத்துட்டுச் சொல்லுங்க சார். 'குடும்பம்னா கூடி உழைக்கிறது'ன்னு பாடம். வீட்டுல பாத்தத வரையுங்கன்னேன், அவ்வளவுதான்."

வகுப்புச் சுவர் நெடுக ஒட்டியிருந்த படங்களிலெல்லாம் சோபாக்கள். ஒரு படத்தில் நாய்கூடத் தட்டு தூக்கியது, அப்பா தூங்கினார். இன்னொன்றில் ஆண்கள் பல் குத்த, பெண்கள் நின்றபடி மிச்சக் கஞ்சியைக் குடித்தார்கள்.

"பொம் அம்மா, உங்க வீட்டுலயும் இதே சோபாவா?" என்றாள் ஜின்சூவின் அம்மா. படம் பார்க்க வந்திருந்த பெற்றோரில் தாய்மாரெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"இதெல்லாம் வழக்கம்! முன்னோர் படையல்ல விளையாட்டா?" சாங்வூவின் குரல் உடைந்தது.

யுன்ஹீ கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கிழிக்காதீங்க டீச்சர். ஏங்க, உங்க முன்னோருக்கு அடை சுட்டே எனக்குப் பதினோரு வருஷம் போச்சுங்க. எங்கப்பா செத்ததுக்கப்புறம் ஒரு திருநாளுக்காவது அவருக்குப் படைக்க என்னை விட்டீங்களா? நான் முதுகக் காட்டி நின்னத ஒருத்தியாவது பாத்திருக்காளே."

சாங்வூ துணைக்கு மற்ற அப்பாக்களைப் பார்த்தான். அவர்கள் கூரையைப் பார்த்தார்கள்.

வெளியே வந்ததும் அவள் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. "நீங்க பிள்ளையக் கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு, தாய்மாரோடு முக்குக் கடையில் காரமான அரிசிக் கொழுக்கட்டை தின்ன உட்கார்ந்தாள்.

"வர்ற புத்தாண்டுக்கு நான் எங்கப்பாவுக்குத்தான் படைக்கப் போறேன்" என்றாள், வாய் நிறைய.

"அப்ப உங்க வீட்டுக்காரரோட முன்னோரு?" என்றாள் ஒருத்தி.

"அவங்களுக்குப் பிள்ளைங்க இருக்காங்களே!"

சிரிப்பு அடங்குவதற்குள் அவள் கைப்பேசி அலறியது. "சோறு வடிக்கிற பானை எங்க இருக்கு?" என்றான் சாங்வூ.

அவள் பதில் சொல்லுமுன் ஜின்சூ அம்மாவின் கைப்பேசி அடித்தது. அடுத்து இன்னொன்று. பிறகு மேசையே அதிர்ந்தது.

யுன்ஹீ தன்னுடையதை அணைத்தாள். "அண்ணே, இன்னொரு தட்டு. பெருசா!"