மேயருக்குச் சம்பளம்

அன்றைக்கும் மேயர் என் வலது கட்டை விரலைத்தான் கடித்தது. முந்தின நாள் ஒட்டிய பிளாஸ்திரியின் மேலேயே. பட்ட காலிலே படும் என்பார்கள், எனக்குக் கை.

மேயர் எங்கள் வீட்டுக் காக்கட்டூ கிளி. வெள்ளை உடம்பு, மஞ்சள் கொண்டை, நடையில் ஊரையே விலைக்கு வாங்கிவிட்ட தோரணை. அதனால் அந்தப் பேர். எங்கள் கோதுமை வயலில் சிறகொடிந்து கிடந்ததை என் புருஷன் நெவில்தான் தூக்கி வந்து காப்பாற்றினான். அவன் தோளில் பூனைக்குட்டி மாதிரி உட்கார்ந்திருக்கும். என்னைக் கண்டால் மட்டும் கொண்டை விரியும்.

"உன் செல்லம் பண்ணின வேலையப் பாரு!" என்று கத்தினேன்.

நெவில் டோஸ்ட்டும் கையுமாகச் சிரித்தான். பழைய டிராக்டர் கிளம்புகிற மாதிரி முதலில் இருமல், அப்புறம் வயிறு குலுங்கல்.

"நீ குதிச்ச குதி இருக்கே டோரீன், கங்காரு தோத்துச்சு போ!"

"பூனைக்குக் கொண்டாட்டம், எலிக்குத் திண்டாட்டம். சிரி, நல்லா சிரி. ஹார்ஷம் ஊர்ல மிருக டாக்டர்கிட்ட இதை ஒரே ஒரு தடவை காட்டுவேன். அதுக்கப்புறமும் திருந்தலேன்னா இது வேற வீட்டுக்குப் போகுது. சொல்லிட்டேன்."

பறவைதானே, கடித்தால் என்ன என்பவர்கள் எங்கள் வீட்டுப் பின்னறைக்கு வந்து பார்க்க வேண்டும். நான் அங்கே பெண்களுக்கு முடி வெட்டுகிறவள். மழை பொய்த்துப் பொய்த்து, கடைசியில் நிலத்தை விற்றுவிட்டு டவுனுக்கு வந்தோம். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அடுப்பு எரிவது என் கத்தரிக்கோலால்தான். போன மாதம் தையல் போட்ட நர்ஸ், "இன்னும் கொஞ்சம் ஆழமா இறங்கியிருந்தா விரலை மடக்கவே முடியாது" என்று சொல்லி அனுப்பினாள். அந்த வாரம் வந்த இரண்டு பேரைத் திருப்பி அனுப்பினேன்.

நானும் சும்மா இருக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி தண்ணீர் தெளிக்கச் சொன்னாள், தெளித்தேன். அது குளித்துவிட்டு வந்து கடித்தது. கூண்டைத் துணியால் மூடினேன், துணியைக் கிழித்தது. தொண்டை கட்டும்வரை திட்டினேன். திட்டத் திட்ட அது தலையை ஆட்டி ஆட்டி ரசித்தது.

ஹார்ஷமில் கால்நடை டாக்டர் ஒரு சின்னப் பெண். மேயர் நெவிலின் தாடைக்குக் கீழே ஒண்டிக்கொண்டு உலகத்திலேயே நல்ல பிள்ளையாக நடித்தது.

"கடிச்சதும் நீங்க என்ன பண்ணுவீங்க?" என்று என்னைக் கேட்டாள்.

"கத்துவேன். பின்னே, தேங்க்ஸா சொல்வேன்?"

"இவரு?"

"சிரிப்பாரு. கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும்."

டாக்டர் நெவிலைப் பார்த்தாள். "அப்போ நீங்கதான் சம்பளம் குடுத்து அதைக் கடிக்க வெச்சிருக்கீங்க. அது உங்களைத்தான் தன்னோட ஜோடியா நினைக்குது. நீங்க சிரிக்கணும்னுதான் இவங்களைக் கடிக்குது. இனிமே அம்மா கத்தக் கூடாது, நீங்க சிரிக்கக் கூடாது. அம்மா தடியா ஒரு கையுறை போட்டுக்கங்க. முதல்ல இன்னும் மோசமாத்தான் கடிக்கும், அப்புறம் விட்டுரும்."

"சிரிக்கறதுக்கும் தடையா?" என்றான் நெவில்.

"உனக்கு மேயர் வேணுமா வேணாமா?" என்றேன்.

சொன்னபடியே செய்தோம். மேயர் கையுறையைக் கவ்வித் தொங்கும். நான் கல்லாக நிற்பேன். அது திரும்பி நெவிலைப் பார்த்துக் காத்திருக்கும். அவன் டீக் கோப்பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வான், முடியாவிட்டால் எழுந்து ஷெட்டுக்குப் போய்விடுவான். மேயர் வெறி பிடித்த மாதிரி கடித்தது. பிறகு ஏனோதானோ என்று கடித்தது. பிறகு விட்டுவிட்டது. என் விரல் ஆறியது, பின்னறையில் மறுபடி ஆட்கள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

ஆனால் வீடு செத்துப் போயிருந்தது. "டீ வேணுமா?" என்றால் "ம்." "மட்டன் எப்படி?" "ம்." நெவில் காலையில் உட்கார்ந்த நாற்காலியிலேயே சாயங்காலமும் இருந்தான், இல்லாத வயலை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நிலத்தை விற்ற பிறகு அவன் சிரித்ததெல்லாம் நான் கடி வாங்கியபோது மட்டும்தான். அதையும் நானே டாக்டர் வைத்து நிறுத்தியிருக்கிறேன். ஆத்திரமாக வந்தது. யார் மேல் ஆத்திரம் என்றுதான் தெரியவில்லை.

ஒருநாள் நான் பாத்திரம் கழுவும்போது பின்னால் அந்தச் சிரிப்பு கேட்டது. இருமல், குலுங்கல், எல்லாம் அப்படியே. சந்தோஷமாகத் திரும்பினேன். நெவில் அசையாமல் உட்கார்ந்திருந்தான். சிரித்தது மேயர்.

"அது யாரு, நானா?" என்றான் நெவில்.

"நீதான்."

"நான் அப்படியா சிரிப்பேன்?"

"சிரிச்சுக்கிட்டிருந்தே."

அவன் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை. கையுறை எதுவும் போடாமல் போய் மேயர் முன்னால் இடது சுண்டு விரலை நீட்டினேன். முடி வெட்ட அந்த ஒரு விரல்தான் எனக்குத் தேவையில்லை.

"ம், கடி."

மேயர் விரலை அலகால் மெல்லத் தொட்டது. கறுத்த நாக்கால் தடவிப் பார்த்தது. விட்டுவிட்டு ஒதுங்கி உட்கார்ந்தது.

"கடிங்கறேன்ல! இத்தனை நாள் கேக்காமலே கடிச்சே, இப்ப மட்டும் என்னடா மரியாதை? கடிடா சனியனே! உன் கால்ல விழணுமா? கடிடா!"

பின்னால் ஓர் இருமல். திரும்பினேன். நெவிலின் கையில் கோப்பை ஆடி டீ மடியில் கொட்டிக்கொண்டிருந்தது. "பறவைகிட்ட... கெஞ்சறா... கடிக்கச் சொல்லி..." என்று சொல்ல முடியாமல் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். கண்ணில் தண்ணீர்.

மேயரின் கொண்டை விரிந்தது. சம்பளத்தை முன்பணமாகவே வாங்கிக்கொண்டு, என் சுண்டு விரலை நறுக்கென்று கடித்தது.