கடைசியாக நன்றாக இருந்த நேரம்

தம்பியின் வாயோரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வராந்தாவில் அந்தப் பெண் டாக்டரின் குரல் கேட்டது. உபகாரம் துணியை மடித்து வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். பண்ணைக்காட்டில் முப்பத்தோரு வருடம் தலைமையாசிரியராக இருந்தவர். யாரும் அவரைக் கேள்வி கேட்டுப் பழக்கமில்லை.

பக்கவாதம் கண்ட செபாஸ்டின் மூன்று நாளாகக் கண் திறக்கவில்லை. மூச்சு கரகரவென்று இழுத்தது. கட்டிலுக்கு அந்தப் பக்கம் அவன் மனைவி புஷ்பமேரி ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள்.

கோடைக்கானலின் அந்த மிஷன் ஆஸ்பத்திரியில் படிப்பு முடித்து வந்த சின்ன டாக்டர்கள் நான்கு பேர் இருந்தார்கள். ஆளுக்கொரு ஆராய்ச்சிக் கேள்வி உண்டாக்க வேண்டும் என்பது பெரிய டாக்டரின் உத்தரவு. வடிவு என்ற இந்தப் பெண்ணின் கேள்வி பக்கவாதத்தைப் பற்றியது.

முதல் நாள் அவள், "எப்பங்க வந்துச்சு?" என்று மட்டும் கேட்டாள். "மத்தியானம் மூணு மணிக்கு" என்றார் உபகாரம். எழுதிக்கொண்டு போய்விட்டாள். நேற்று மறுபடி வந்தாள். "கடைசியா அவரு நல்லா இருந்தத யாரு பாத்தது?"

"வெள்ளனே கடுங்காப்பி குடிச்சிட்டுத் தோட்டத்துக்குப் போனாருங்க. அதுக்கப்புறம் அத்தானத்தான் கேக்கணும்" என்று உபகாரத்தைக் காட்டினாள் புஷ்பமேரி.

"தோட்டத்திலதான் இருந்தான்" என்றார் உபகாரம். அன்று இரவு அவர் தூங்கவில்லை.

இப்போது வராந்தாவில் பெரிய டாக்டர் வடிவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "ஏன் லேட்டா வர்றாங்கன்னு கேக்குறது கேள்வி இல்லம்மா, பொலம்பல். மொதல்ல பாத்தவங்க அத என்னன்னு நெனச்சாங்க? அதக் கேளு. நாப்பது வீட்ல ஒரே மாதிரி கேளு. அப்பத்தான் ஒண்ணு புடிபடும்."

கேள்வி ஒவ்வொரு நாளும் ஒரு படி ஏறி உபகாரத்தின் வீட்டு வாசலுக்கு வந்துகொண்டிருந்தது.

மூன்று மணி அல்ல, காலை பத்து மணி. செபாஸ்டினின் மகள் ஜோசப்பினைப் பெண் பார்க்க வத்தலக்குண்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பஸ் ஏறியிருந்தார்கள். கொல்லைப் பக்கமாகக் காலை இழுத்துக்கொண்டு வந்தான் செபாஸ்டின். வாய் கோணியிருந்தது, பேச்சு குழறியது. ஆறு வருடத்துக்கு முன்பு மூத்தவளைப் பார்க்க வந்தவர்கள் முன்னால் அவன் குடித்துவிட்டு இப்படித்தான் வந்து நின்றான். அந்தச் சம்பந்தம் அன்றே முறிந்தது. கோயிலில் சத்தியம் செய்து குடியை விட்டவன், மறுபடியும். உபகாரம் அவன் வாயை மோந்துகூடப் பார்க்கவில்லை. காப்பிக்கொட்டைக் கிடங்கில் சாக்கின்மேல் கிடத்திப் பூட்டினார். சமையலில் இருந்தவர்களுக்குத் தெரியாது. கேட்டவர்களிடம், "தாண்டிக்குடிக்கு ஒரு சோலியாப் போயிருக்கான்" என்றார். விருந்து முடிந்து அவர்கள் போனபிறகு திறந்தார்.

செபாஸ்டினின் மூச்சு ஒருமுறை நீளமாக இழுத்தது. அடுத்தது வரவில்லை. புஷ்பமேரி ஓடிப்போய்க் கூப்பிட்டாள். வடிவு வந்து நெஞ்சை அழுத்தினாள். பெரிய டாக்டர் விளக்கடித்துக் கண்ணைப் பார்த்துவிட்டு, உபகாரத்தின் தோளைத் தொட்டார்.

உடலை ஊருக்குக் கொண்டுபோக ஜீப் வர ஒரு மணி நேரமாகும் என்றார்கள். வடிவு தாளோடு வந்து தயங்கி நின்றாள்.

"இப்பக் கேக்கக் கூடாதுதாங்க. நீங்க ஊருக்குப் போயிட்டா அப்புறம் கேக்க முடியாது. பேரு எழுத மாட்டோம். வெரசா வந்திருந்தாப் பொழைச்சிருப்பாரான்னு எங்களுக்கே தெரியாது. மொதல்ல பாத்தப்ப என்னன்னு நெனச்சீங்க? மயக்கமா, பித்தமா, காத்துக் கருப்பா?"

"எங்க குடும்பத்தில அந்த மாதிரி நம்பிக்கையெல்லாம் கெடையாது."

"அப்ப?"

புஷ்பமேரி தலை நிமிர்த்தாமலே சொன்னாள். "அவுகளுக்கு எல்லாம் தெரியும்மா. பாத்த கையோட ஜீப்புக்கு ஆள் விட்டாக. பெத்த பிள்ளையப் பாக்குற மாதிரிப் பாத்துக்கிட்டாக. அப்படியே எழுதிக்க."

வடிவு எழுதத் தொடங்கினாள். நீல மையில் 'பார்த்த உடனே' என்று இரண்டு சொல் விழுந்தது. உபகாரம் அதைத் தலைகீழாகவே படித்தார்.

"தப்பு" என்றார்.

வகுப்பில் சொல்லும் குரலிலேயே அது வந்தது. வடிவின் பேனா நின்றது.

"அத அடிச்சிரும்மா. காலைல பத்து மணி. குடிச்சிருக்கான்னு நெனச்சேன். வந்தவங்க பாத்துறக் கூடாதுன்னு கிடங்குல போட்டுப் பூட்டினேன். அஞ்சு மணி நேரம். எழுதிக்க."

வடிவு அவர் முகத்தைப் பார்க்காமல் எழுதினாள். எழுதி முடித்தபின்னும் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் கண்ணாடியில் மூடுபனி வந்து அப்பியது.

"அத்தான்" என்றாள் புஷ்பமேரி. "உள்ள இருந்து கதவத் தட்டுனாகளா?"

அந்தக் கேள்வி டாக்டரின் தாளில் இல்லை. உபகாரம் தம்பியின் போர்வையை நெஞ்சுவரை இழுத்துவிட்டார்.

புஷ்பமேரி எழுந்து, நர்ஸம்மா வைத்துவிட்டுப் போன வெள்ளைத் துணியை எடுத்தாள். புருஷனின் தாடைக்குக் கீழே கொடுத்து உச்சந்தலைக்குக் கொண்டுவந்து முடிச்சிட்டாள். முடிச்சு நழுவியது. பிடித்துக்கொள்ள ஒரு விரல் வேண்டியிருந்தது. உபகாரம் எழுந்து கையை நீட்டி முடிச்சின்மேல் விரலை வைத்தார்.

அவள் கட்டவில்லை. துணியின் இரண்டு முனைகளையும் பிடித்தபடி, அவர் விரலை எடுக்கும்வரை நின்றாள்.