வள்ளத்துக்கு வைத்த பெயர்

ஊர்காவற்றுறையில் வள்ளங்களுக்குப் பெயர் எழுதுகிறவள் ஜெனீற்றா. அந்தோனியார், செபஸ்தியார், மடுமாதா என்று அவள் எழுதாத புனிதர் குறைவு. எழுதி முடித்ததும் வெள்ளைத் துணியால் மூடிக் கட்டிவிடுவாள். பாதர் வந்து, துணி விலகியதும் பெயரை உரத்து வாசித்துத் தீர்த்தம் தெளிக்கும்வரை சொந்தக்காரனும் பார்க்கக் கூடாது. தெளித்த பிறகு மாற்றவும் கூடாது. பெயர் மாற்றிய வள்ளத்தில் தொழிலுக்கு ஒருவரும் ஏறமாட்டார்கள்.

மூப்பர் பஸ்ரியாம்பிள்ளை புது வள்ளம் வாங்கியபோது அவளிடம்தான் வந்தார். கோயிலில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் படிப்பிக்கிறவரும் அவர்தான். அவர் சொல்லாமல் எந்தப் பிள்ளையும் முதல் நன்மைக்கு, நற்கருணை வாங்க, போவதில்லை.

போன வருடம் மகள் ஷெரோமியை அந்த வகுப்பில் சேர்க்க ஜெனீற்றா கூட்டிப்போனாள். டொக்டர் இங்கிலிசில் சொன்னதை மறைக்கவில்லை. ஓட்டிசம் என்றாள். மூப்பர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஓட்டிசமோ? அப்ப நல்ல ஓட்டியா வருவாள். என்ரை வள்ளத்தைக் குடுத்துப் பாப்பமே, நெடுந்தீவுக்கு ஓட்டட்டும்."

வாசலில் நின்ற தாய்மார் சிரித்தார்கள். வள்ளம் ஓட்டுகிறவனை ஓட்டி என்கிற ஊர். அன்றிலிருந்து சந்தையிலும் துறையிலும் ஷெரோமிக்கு அதுவே பெயர். "ஓட்டி வாறா, விலகுங்கோ." ஷெரோமி காதைப் பொத்திக்கொண்டு, "விலகுங்கோ, விலகுங்கோ" என்று திருப்பிச் சொல்லிக்கொண்டு நடப்பாள். அதற்கும் சிரித்தார்கள். வகுப்பில் மூப்பர் அவளைச் சேர்க்கவில்லை. பூசைக்குள் கத்துவாள் என்றார்.

அவர்தான் இப்போது கதிரையில் சாய்ந்திருந்தார்.

"முன்பக்கம், அணியத்திலை டொப்புவைக் கீறும், பிள்ளை. பேரும் டொப்புதான். பேத்தியின்ரை ஆசை. எனக்கும் அவனெண்டால் உயிர்."

டொப்பு தொலைக்காட்சிக் கார்ட்டூனில் வரும் கடற்காகம். சிப்பிகளைப் பருமன் பார்த்து நிரையாக அடுக்கும். கப்பல் ஊதினால் செட்டையால் காதைப் பொத்தும். யார் என்ன சொன்னாலும் கடைசிச் சொல்லைத் திருப்பிச் சொல்லும். வெள்ளைச் சோறு தவிர எதையும் தின்னாது. தீவில் அதற்கு மயங்காத வீடில்லை.

"டொப்புவுக்கும் ஓட்டிசம்தான், மூப்பர்."

"என்ன விசர்க்கதை?"

"எங்கடை ஷெரோமி செய்யிறதைத்தானே அவனும் செய்யிறான்."

"படம் கீறினவன் அப்பிடிச் சொன்னவனோ?"

"சொல்லேல்லை."

"பின்னை? அது ஒரு காகம். காகத்துக்கு என்ன வருத்தம்? நல்ல பிறவி ஒண்டைப் பிடிச்சு நோயாளி ஆக்காதையும். அவன் செய்யிறது ஒரு வடிவு."

"அவன் செய்தால் வடிவு. இவள் செய்தால் பூசை குழம்பும்."

"அவனைச் சத்தம் குறைச்சு வைக்கலாம், பிள்ளை. நிப்பாட்டவும் ஏலும்." தன் பகிடிக்குத் தானே சிரித்தார்.

ஜெனீற்றா தூரிகைகளை எடுத்து வைத்தாள்.

டொப்புவை நன்றாகவே கீறினாள். கண்ணை நேரே பார்க்க விடாமல் ஓரமாகத் திருப்பி வைத்தாள். கீழே பெயரை எழுதி, காயக் காய மூன்று பூச்சுப் பூசினாள். பிறகு துணியைக் கட்டினாள்.

ஞாயிறு பூசை முடிந்து பாதர் துறைக்கு வந்தார். பேத்தி துணியை இழுத்தாள். பாதர் ஊருக்குப் புதியவர். கண்ணில் பட்டதை வாசித்தார்.

"ஆண்டவரே, ஓட்டிசம் எனும் இவ்வள்ளத்தையும் இதில் தொழில் செய்வோரையும் ஆசீர்வதித்தருளும்."

தீர்த்தம் விழுந்தது. பழக்கத்தில் எல்லாரும் ஆமென் என்றார்கள். மூப்பரும் சொன்னார். சொன்ன பிறகுதான் அவருக்குக் காது கேட்டது.

"மூப்பர், இனி நீங்கள்தான் ஓட்டி!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். துறை முழுக்கச் சிரித்தது. ஜெனீற்றா சிரிக்கவில்லை. சிரித்த வாய்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். வகுப்பு வாசலில் சிரித்த அதே வாய்கள். அவை இன்றைக்கு அவளுக்கு வேலை செய்தன.

பின்னேரம் மூப்பர் அவள் வீட்டுக்கு வந்தார். கதிரை போட்டும் இருக்கவில்லை.

"பாதரிட்டைக் கேட்டனான். எழுதினவள் எழுத்துப் பிழையெண்டு ஒத்துக்கொண்டால், வேறை பேரிலை திரும்ப மந்திரிச்சுத் தருவாராம்."

அவள் கதிரையைத் திரும்ப உள்ளே தள்ளினாள்.

"ஒரு சொல்லுச் சொல்லும். வைகாசியிலை ஷெரோமியைக் கோயிலிலை முன் வாங்கிலை இருத்துறன். நானே கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போறன்."

அலுமாரிக்குள் ஷெரோமியின் நன்மைக்கென்று தைத்த வெள்ளைச் சட்டை உடுத்தாமலே இருந்தது. குசினி வாசலில் ஷெரோமி வெங்காயங்களைப் பருமன் பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தாள். ஜெனீற்றா அவளையே பார்த்தாள். சம்மதம் தொண்டைவரை வந்தது. ஆனால் பிள்ளைக்கு டொக்டர் சொன்ன சொல்லைப் பிழையென்று பெற்றவள் வாயால் சொல்ல வேண்டும். அதுவும் இந்த மனிதனுக்காக.

"எழுத்து சரிதான், மூப்பர். ஐமிச்சமெண்டால் டொக்டரிட்டைக் கேளுங்கோ."

"பெத்த பிள்ளையின்ரை நன்மையைக் கெடுக்கிறீர்."

"ஓம். நீங்கள் கெடுத்ததிலை மிச்சத்தை நான் கெடுக்கிறன். போயிட்டு வாங்கோ."

வைகாசியில் மற்றப் பிள்ளைகள் வெள்ளை உடுத்து நன்மை எடுத்தார்கள். ஜெனீற்றா குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

மறுநாள் காலை துறைக்குப் போனாள். மூப்பரின் வள்ளம் குறுக்கே கட்டியிருந்ததால் எழுவைதீவுக்குப் புறப்பட்ட வள்ளத்துக்கு வழியில்லை. அதிலிருந்தவன் கத்தினான்.

"ஓட்டிசம்! ஓட்டிசம்! கயித்தைக் கழட்டுங்கோ!"

மூப்பர் கேட்காதவர்போலக் கடலைப் பார்த்தார். அவன் இன்னும் பலமாகக் கத்தினான். துறையே திரும்பிப் பார்த்த பிறகு, மூப்பர் மெல்லக் கையை உயர்த்தினார்.

உப்புக்காற்றில் 'ஓ'வின் சுழி கொஞ்சம் வெளிறியிருந்தது. ஒருவரும் கேட்காமலே நாளைக்கு வந்து இன்னொரு பூச்சுப் பூசிவிட வேண்டும் என்று ஜெனீற்றா நினைத்துக்கொண்டாள்.