நான்கில் எந்த விரல்

1

இந்தக் கதை ஒரு கேள்வியிலிருந்து வந்தது. அதை மறைத்துவைத்துக் கடைசியில் எடுத்துக் காட்டும் வித்தையெல்லாம் எனக்கு வராது. இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கிட்டார் வாசிக்கும் ஒருவர். வயது ஐம்பத்து நான்கு. தம்பியைப் பறிகொடுத்து ஒன்றரை மாதம் ஆகிறது. ஒரு காகிதத்தை மேஜைமேல் வைத்து, எதிரே இருந்தவரிடம் கேட்டார்: "அவனுக்குக் காது கேக்கலேன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

எதிரே இருந்தவர், "டீ ஆறுதுண்ணே" என்றார்.

இதற்கு மேல் அன்றைக்கு எதுவும் நடக்கவில்லை. பதில் வர வேண்டிய இடத்தில் டீ வந்து உட்கார்ந்துகொண்டது. அந்த இடத்தை நிரப்பத்தான் எழுதுகிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது." கொட்டவில்லை. நல்ல வெயில். அடுத்த முயற்சி: "இசைக்காகவே வாழ்ந்த இரு சகோதரர்கள்" என்று ஆரம்பித்தேன், எனக்கே குமட்டியது. சின்னவர் தகரப் பட்டறைக்காக வாழ்ந்தார், வாடகைக்காக வாழ்ந்தார், ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் பேஸ் கிட்டார் வாசித்தார். நான் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவன். இருபத்திரண்டு வருடமாக அடுத்தவர் பிழைகளைப் பார்த்தே பிழைக்கிறேன். ஆகவே அடித்தவற்றை அழிக்காமல் விட்டுவைக்கிறேன், நீங்களும் பாருங்கள்.

2

பெரியவர் என்றும் சின்னவர் என்றும் வைத்துக்கொள்வோம். வீட்டிலும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

பெரியவருக்கு ஒரு பைத்தியம் பிடித்தது ஒரு காலை நேரத்தில், சமையலறை மேஜையில். கட்டம் போட்ட நோட்டில் கிட்டாரின் கழுத்தை வரைந்து, விரல் வைக்கும் இடங்களில் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். நான்கு கம்பி, நான்கு விரல். ஒன்று முன்னால், ஒன்று பின்னால், மறுபடி ஒன்று முன்னால், ஒன்று பின்னால்.* கிட்டாரை எடுத்து விரல்களை அப்படி வைத்தார், அந்தக் கையை அப்படியே மூன்று கட்டம் மேலே நகர்த்தினார். அதே நான்கு சுரங்கள்! நாற்காலிதான் மாறி உட்கார்ந்திருந்தன. இன்னும் மூன்று கட்டம் தள்ளினார். அவையேதான். மறுபடி மூன்று. மறுபடியும் அவையே.

தம்பியைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"டேய், இங்க பாரு. இத்தனை வருஷமா நூத்துக்கணக்குல கார்ட் மனப்பாடம் பண்ணினோமே, எல்லாம் தண்டம். இது ஒண்ணு போதும். இது ஒரு நாற்சந்திடா. நாலு விரல்ல ஏதாவது ஒண்ணை மட்டும் ஒரு கட்டம் பின்னால இறக்கு. ஒரு வீட்டுக்கு வழி திறக்கும். வேற விரலை இறக்கினா வேற வீடு. நாலு விரல், நாலு வீடு."

சின்னவர் அந்தக் கையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்த விரலை இறக்குறேன்னு எனக்கு எப்படிண்ணே தெரியும்?"

"காதால கேளுடா. பின்ன எதுக்கு அது ரெண்டு பக்கமும் தொங்குது?"

இருவரும் சிரித்தார்கள். [சிரித்தார்கள் என்று எழுதலாமா? பெரியவர் சிரித்தார். தம்பி அவர் வாயைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். இப்படித் திருத்தவும்.]

* சில சுரங்களைச் சேர்த்து ஒன்றாக ஒலிக்கவிடுவது கார்ட்; புத்தகங்களில் இதற்கு டிமினிஷ்ட் கார்ட் என்று பெயர். சமச்சீரான வடிவம். எந்த முனையிலிருந்து பார்த்தாலும் ஒன்றுபோல் இருக்கும். அதனால் இதற்கென்று சொந்த வீடு, அதாவது போய் இளைப்பாறும் சுரம், கிடையாது. அடுத்தது எங்கே போகிறோம் என்பதை வைத்துத்தான் இது என்னவாக இருந்தது என்றே தெரியும். பெரியவர் இதைச் சொல்லும்போது அவர் முகம் மலர்ந்துவிடும். எனக்கும் அப்போது பிடித்திருந்தது.

3

இந்த இடத்தில் எனக்குப் பெரியவர்மேல் சந்தேகம் வருகிறது. கூடப்பிறந்தவன், வாரா வாரம் பக்கத்தில் நிற்கிறான், அவனுக்குக் காது போய்க்கொண்டிருப்பது ஒரு இசைக்காரருக்குத் தெரியாமல் போகுமா? பாத்திரப் படைப்பு சரியில்லை என்று நீங்கள் புத்தகத்தை மூடிவிடலாம்.

ஆனால் பெரியவருக்கு ஒவ்வொன்றுக்கும் கைவசம் ஒரு காரணம் இருந்தது. தம்பி போனை எடுப்பதில்லை: சோம்பேறி. தம்பி கத்திப் பேசுகிறான்: திமிர். ஒரு கேள்வியை மூன்று தடவை கேட்டால்தான் பதில் வருகிறது: எங்கேயோ புத்தி. மேடையில் தம்பி வரவர நெருங்கி வந்து இடதுபக்கம் நின்று, அண்ணன் கையையே வெறித்துப் பார்க்கிறான்.

"மேல வந்து விழாதடா. மூச்சு விட முடியல."

தம்பி அரையடி தள்ளிப் போவார். இரண்டு பாட்டு முடிவதற்குள் மறுபடி ஒட்டிக்கொண்டு நிற்பார். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு வாசிக்க ஆரம்பித்தார். அதற்கும் திட்டு: "ஹோட்டல்டா இது. உன் வீட்டுக் குளியலறையா?"

புதிய கார்ட் வந்த பிறகு தம்பி தப்புச் சுரத்தில் போய் இறங்குவது அடிக்கடி நடந்தது. பெரியவர் ஒரு முடிவுக்கு வந்தார்: பயல் குடிக்கிறான். சின்னவர் வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடித்ததில்லை. ஆனால் முடிவுக்கு வந்துவிட்ட ஒருவருக்கு அது ஒரு பொருட்டா என்ன?

இவர்களோடு ஒரு டிரம்ஸ்காரரும் உண்டு. பகலில் வேறு வேலை பார்ப்பவர் [என்ன வேலை என்று பிறகு சேர்க்கவும்]. கதைக்கு அவர் தேவைப்படமாட்டார் என்று நினைக்கிறேன். இந்தப் பத்தியை நீக்கிவிடலாம்.

4

அந்த ஞாயிற்றுக்கிழமை. ஹோட்டலின் இரண்டாவது மாடி உணவகம், மாலை ஐந்திலிருந்து எட்டு வரை. மேஜைகளில் பாதி காலி. நாலே முக்காலுக்கு, ஒயர்களைச் சொருகிக்கொண்டிருந்தபோது, மானேஜர் வந்து பெரியவர் தோளைத் தொட்டார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. அடுத்த மாசத்துலருந்து மூணு பேர் வேணாம். நீங்களும் இன்னொருத்தரும் போதும். யாருன்னு நீங்களே பாத்துச் சொல்லிடுங்க."

மூன்றாவது பாட்டு. நடுவில் பெரியவர் நாற்சந்திக்கு வந்தார். நான்கு விரலையும் வைத்தார், கையை மூன்று கட்டம் சறுக்கினார், இன்னொரு மூன்று கட்டம், பிறகு சுண்டுவிரலை மட்டும் ஒரு கட்டம் இறக்கினார். அது ஒரு வீட்டுக்கு வழி. அவர் அந்த வீட்டுக்குப் போனார். தம்பி வேறு வீட்டில் போய் நின்றார், அதுவும் பேஸ் கிட்டாரின் முழுச் சத்தத்தோடு. சூப் குடித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா கரண்டியைக் கீழே வைத்தார்.

இரண்டாவது சுற்றிலும் அதுவே. மூன்றாவது சுற்றில் சின்னவர் வாசிக்கவே இல்லை. கம்பிகள்மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டு நின்றார். அண்ணனைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பிப் பின்பக்கம் [பின்பக்கம் யார் இருக்கிறார்கள்? இந்த வாக்கியத்தை விட்டுவிடலாம்]

எட்டு மணிக்கு, அழுக்குத் துணி வண்டிகள் நிற்கும் நடையில்:

"குடிச்சிருக்கியா?"

"இல்லண்ணே."

"மூணு தடவ. ஒரு தடவ இல்ல, மூணு தடவ மானத்த வாங்கிட்ட. அடுத்த வாரம் நீ வர வேணாம். புரியுதா?"

சின்னவர் அண்ணன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சொற்களை அவர் கேட்கவில்லை, கண்ணால் பார்த்தார்.

"சரிண்ணே," என்றார்.

அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டதும் பெரியவருக்கு இன்னும் கோபம் வந்தது.

5

பதினாறு நாள் கழித்து, பகல் பன்னிரண்டரைக்கு, தகரப் பட்டறையின் வாசலில் ஒரு லாரி பின்னால் நகர்ந்தது. "ஹாரன் அடிச்சேன் சார். அடிச்சுக்கிட்டே இருந்தேன். அந்த மனுஷன் திரும்பவே இல்ல," என்று டிரைவர் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி அழுதார். பத்தொன்பது வருடம் தகரம் அடிக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்ற காது அது. டிரைவருக்கு அது எப்படித் தெரியும்?

[இங்கே சாவு வீட்டை ஒரு பக்கம் எழுதியிருந்தேன். நன்றாகவே வந்திருந்தது. அதனாலேயே கிழித்துவிட்டேன்.]

ஒரு மாதம் கழித்து, தம்பி மனைவி பேஸ் கிட்டாரை உறையோடு கொண்டுவந்து கொடுத்தார்.

"வீட்ல வச்சிருந்தா பாத்துக்கிட்டே இருக்க வேண்டியிருக்கு மாமா. நீங்களே வச்சுக்குங்க."

"அவன் உங்கிட்ட ஏதாவது சொன்னானாம்மா, என்னப் பத்தி?"

"காதுல தண்ணி போயிருக்கு, சரியாயிடும்னு சொன்னாரு. உங்களப் பத்தி ஒண்ணும் சொல்லல."

உறையின் பையில் இரண்டு காகிதங்கள் இருந்தன. ஒன்று காது பரிசோதனை அறிக்கை. பதினான்கு மாதத்துக்கு முந்தைய தேதி. இரண்டு கோடுகள், இரண்டும் வலதுபக்கம் போகப்போகச் சரிந்து விழுந்திருந்தன. இன்னொன்று நான்காக மடித்த பெரிய தாள். அதில் பெரியவரின் இடதுகை இருந்தது. ஒரு கை இல்லை, முப்பது நாற்பது கைகள், பென்சிலில். பக்கவாட்டில் நின்று பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி. ஒவ்வொரு கைக்குக் கீழேயும் பேஸில் எந்தச் சுரம் வாசிக்க வேண்டும் என்ற குறிப்பு. தம்பி ஒரு வருடத்துக்கு மேல் காதால் வாசிக்கவில்லை. அண்ணன் கையைப் படித்து வாசித்திருக்கிறார்.

தாளின் கடைசி வரிசையில் ஒரே கை நான்கு முறை வரையப்பட்டிருந்தது. நான்கும் அச்சு அசலாக ஒன்று. கீழே சுரம் எதுவும் இல்லை. "எங்கே?" என்று மட்டும் எழுதியிருந்தது.

பெரியவர் சமையலறை மேஜையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். தன் வாழ்நாளின் பெரிய கண்டுபிடிப்பு என்று தம்பிக்குக் காட்டிய வடிவம், தம்பி பிடித்துக்கொண்டிருந்த ஒரே கயிற்றை அறுத்திருக்கிறது. இதை நான் அழகாகச் சொல்ல முயலவில்லை. அவர் அழுதார்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு தாளைத் திரும்பப் பார்த்தார். அந்த "எங்கே?"க்குப் பக்கத்தில் சிவப்பு மையில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: ஆள்காட்டி 1, நடுவிரல் 2, மோதிரவிரல் 3, சுண்டுவிரல் 4. ஓரத்தில் நுழைக்குறி, கீழ்க்கோடு, சுழி. அச்சகத்தில் பிழை திருத்துபவர்கள் போடும் குறிகள்.

அந்தக் கையெழுத்தில்தான் ஒவ்வொரு ஞாயிறும் பாட்டு வரிசை எழுதி அவர் முன்னால் ஒட்டப்படும்.

6

நீக்கிவிடலாம் என்றேனே, அந்த டிரம்ஸ்காரன் நான்தான். டீ ஆறுகிறது என்று சொன்னவனும் நான்தான்.

சின்னவன் என் நண்பன். அந்தக் கார்ட் வந்த வாரமே அச்சகத்துக்கு வந்து, காகிதக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து தாளை விரித்தான்.

"இதுல மட்டும் மாட்டிக்கிறேன்டா. கை ஒண்ணுபோலத் தெரியுது, எந்த விரல் இறங்குதுன்னு பாக்குறதுக்குள்ள அடுத்த இடம் வந்துருது. அண்ணன்கிட்ட சொல்லிராத. காது போச்சுன்னா என்ன உக்கார வச்சுருவாரு."

வழி கண்டுபிடித்தது நான். எங்கள் மாதிரி இசையில் காலால் மிதிக்கும் பெரிய டிரம்முக்கு அதிக வேலை கிடையாது. பெரியவர் எந்த விரலை இறக்கினார் என்று எனக்குக் காதில் விழும். ஆள்காட்டி என்றால் ஒரு மிதி, நடுவிரல் என்றால் இரண்டு. மேடை பலகை. வெறுங்காலில் அந்த அதிர்வு ஏறும். நான்கு மாதம் அவனாகத் தப்பே செய்யவில்லை. [3-ஆம் பகுதியில் "அடிக்கடி நடந்தது" என்று எழுதியிருக்கிறேன். பொய். நான் மறந்த ஒன்றிரண்டு நாள் மட்டுமே நடந்தது. அதை அங்கே அப்படியே விடுகிறேன், நான் எப்படிப்பட்ட எழுத்தாளன் என்று தெரியட்டும்.]

அந்த ஞாயிற்றுக்கிழமை சுண்டுவிரல். நான்கு மிதி தர வேண்டும். மூன்று சுற்றிலும் நான் தரவில்லை.

கடைசிச் சுற்றில் அவன் திரும்பிப் பின்பக்கம் என்னைப் பார்த்தான். நான் சிம்பல் தட்டைப் பார்த்தேன். துணி வண்டிகளுக்கு நடுவே அண்ணன் திட்டியபோது நான் நாலடி தூரத்தில் ஸ்டாண்டை மடக்கிக்கொண்டிருந்தேன். என் பெயரைச் சொல்லியிருக்கலாம் அவன். "சரிண்ணே" என்றான்.

7

முடிவு வேண்டும். இதே மனிதர்கள், இதே மேடை, இதே கால். எதை இறக்கினால் எந்த வீடு என்று பார்க்கிறேன்.

டிரம் மிதியின் ஸ்பிரிங் அறுந்துவிட்டது. கதைக்கு மிக நல்ல முடிவு, யார்மேலும் குற்றமில்லை. அந்த ஸ்பிரிங் இன்றுவரை நன்றாக வேலை செய்கிறது என்பது ஒன்றுதான் இடிக்கிறது.

அல்லது, எந்த விரல் என்று எனக்கே அன்று கேட்கவில்லை. நம்பலாம். மூன்று தடவையும் கேட்கவில்லை என்றால் கொஞ்சம் கஷ்டம்.

அல்லது, அவனுக்காகச் செய்தேன். எத்தனை நாள் ஒளித்துவைப்பது, இன்றே உடையட்டும், அண்ணனுக்குத் தெரியட்டும், டாக்டரிடம் கூட்டிப் போகட்டும் என்று நினைத்தேன். இந்த முடிவை ஆறு முறை எழுதிவிட்டேன். ஒவ்வொரு முறையும் நான் இன்னும் கொஞ்சம் நல்லவனாகி வருகிறேன்.

அல்லது, மானேஜர் பெரியவரிடம் சொன்னபோது நான் மேடைக்குப் பின்னால் குனிந்து ஒயர் சொருகிக்கொண்டிருந்தேன், நீங்களும் இன்னொருத்தரும் போதும் என்று அவர் சொன்னது என் காதிலும் விழுந்தது, எனக்கும் வீட்டில்

[வாக்கியத்தை முடிக்கவும்.]

என்னால் முடிக்க முடியவில்லை. வாசகரிடம் விட்டுவிடுவது இந்த மாதிரிக் கதைகளில் வழக்கம்தான். ஆனால் எனக்கு வாசகர் என்று ஒருவர்தான். இதன் முதல் படி உங்கள் வீட்டுக்குத்தான் வருகிறது, அண்ணே.

தெரியும். நீங்கள் கேட்ட கேள்விக்கு அதுதான் பதில். எனக்கு முன்னாடியே தெரியும். உங்கள் பாரத்தைக் குறைக்க இதைச் சொல்லவில்லை, அது குறையாது. ஏன் மிதிக்கவில்லை என்று அடுத்துக் கேட்பீர்கள். நான்கையும் எழுதிவிட்டேன். பக்க ஓரத்தில் இடம் விட்டிருக்கிறேன், சிவப்புப் பேனாவும் உறைக்குள் இருக்கிறது. வேண்டாததை அடித்துவிடுங்கள்.

அடிக்க மனமில்லை என்றால், இன்னொரு வழி. இரண்டு பேர் போதும் என்றார்களே, அந்த இரண்டாவது ஆள் நான்தானே. ஞாயிறு ஐந்து மணிக்கு வந்து என் இடத்தில் உட்கார்ந்திருப்பேன். மூன்றாவது பாட்டில் அந்த நான்கு விரலையும் வைத்துவிட்டு நிறுத்துங்கள். பிறகு எந்த விரலை இறக்குகிறீர்களோ, அதுதான் இந்தக் கதையின் முடிவு. நான் கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்குக் காது நன்றாகக் கேட்கிறது.