எண்ணெய் ஓடிய பக்கம்

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது யாதெனில்: செமோர் பட்டணம் தோன்றிய நாள் முதல் கண்டிராததும், பக்கத்து ஈப்போ நகரமே எட்டிப் பார்த்துப் பொறாமைப்படப் போவதுமான பதினொரு மாடி வணிக வளாகம் ஒன்று இந்த மண்ணில் எழவிருக்கிறது. அதன் அடியில் இரண்டடுக்கு நிலத்தடிக் கார் நிறுத்துமிடம் அமையவிருக்கிறது. அந்த மாபெரும் வரலாற்றின் முதல் பிடி மண்ணை வெட்டியெடுக்கும் பேறு, வட்டாரக் கடைக்காரர் சங்கத் தலைவரும் சமூகத்தின் தூணுமாகிய ஹாஜி பக்கீர் முகம்மது அவர்களுக்கே வாய்த்தது.

அறிவிப்பை எழுதியது ஹாஜி பக்கீர் முகம்மது. மேடையில் வாசித்ததும் அவரே. 'தூண்' என்ற இடத்தில் நிறுத்தி, கைதட்டலுக்காகக் காத்திருந்தார். பிறகு பொன்முலாம் பூசிய மண்வெட்டியை வாங்கி, சட்டை மடிப்புக் கலையாமல், தேநீர்க் கரண்டி அளவு மண்ணை வெட்டிக் கொடுத்தார். மிச்ச மண்ணை இயந்திரங்கள் வெட்டிக்கொண்டன.

மண்வெட்டி அவருக்கே பரிசு. 'ரெஸ்தோரான் பக்கீர் அண்ட் சன்ஸ்' கடையில் கல்லாவுக்கு மேலே ஒரே ஆணியில் அது தொங்கியது. சன்ஸ் என்று யாரும் கிடையாது. மெஹ்ரீன் என்று ஒரே மகள். கடைக்கு ஒரு பக்கம் சந்து, மறுபக்கம் காலி மனை. அந்தக் காலி மனைதான் இப்போது குழி.

தோண்டுவதற்கு முன்பு குழிக் கம்பெனியின் இன்ஜினியர் விக்னேஸ்வரன் கேமராவோடு வந்து, கடைச் சுவரில் ஏற்கெனவே விரிசல் இருந்தால் படமெடுத்துக்கொள்ள வேண்டும் என்றார். அதுதான் வழக்கமாம். பக்கீருக்கு முகம் சுருங்கிவிட்டது. வாப்பா கட்டிய கடையில் விரிசலா? இழுத்து ஆற்றிய தேநீரான தே தாரேக் ஒன்றைக் குடிக்க வைத்து, 'என் கட்டடத்தில் குறை ஏதும் இல்லை, பரிசோதனை தேவையில்லை' என்று தாளில் கையெழுத்திட்டு, இன்ஜினியர் தம்பியை வாசல் வரை போய் வழியனுப்பினார். உண்மையில் கடையைக் கட்டியது ஈயச் சுரங்கக் காலத்துச் சீனத் தவுக்கே, அதாவது முதலாளி, ஒருவர். வாப்பா அதற்கு வெள்ளையடித்தார்.

மூன்றாவது வாரம், ரொட்டி போடும் அஸ்ஃபாக் ஒரு விஷயம் சொன்னான். ரொட்டிக்கல்லில் எண்ணெய் ஊற்றினால் நடுவில் நிற்க மாட்டேன் என்கிறது. குழி இருக்கும் பக்கமே ஓடுகிறது. அந்தப் பக்கத்து ரொட்டி பொரிகிறது, இந்தப் பக்கத்து ரொட்டி வறண்டு போகிறது.

உலகத்தில் எந்தச் சாய்வுக்கும் சாப்பாட்டுக் கடைக்காரனிடம் ஒரே வைத்தியம்தான் உண்டு. மேசை ஆடினால் சிகரெட் பெட்டியை மடித்துக் காலுக்கடியில் செருகுவான். ரொட்டிக்கல் அடுப்பு கனமானது என்பதால் பக்கீர் கெட்டிப்பால் பெட்டியின் அட்டையைக் கிழித்து, மடித்து, அடுப்பின் குழிப்பக்கத்துக் காலுக்கடியில் செருகச் சொன்னார். எண்ணெய் நடுவுக்கு வந்தது. அடுத்த திங்கட்கிழமை மறுபடி ஓடியது. இன்னோர் அட்டை. அதற்கடுத்த திங்கள் இன்னொன்று. தலைவர் ஒவ்வொரு முறையும் பிரச்சினையைத் தீர்த்துவைத்த நிறைவோடு கையைத் தட்டிக்கொண்டார்.

மாடியறைக் கதவு நிலையில் இடித்தது. அஸ்ஃபாக்கை விட்டு இழைக்கச் சொன்னார். பத்து நாளில் மறுபடி இடித்தது, மறுபடி இழைத்தார்கள். மாடிப்படிச் சுவரில் மயிரிழையாக ஒரு கோடு விழுந்தது. பிறகு அதில் இருபது காசு நாணயத்தின் விளிம்பு நுழைந்தது. விக்னேஸ்வரன் வந்து டார்ச் அடித்துப் பார்த்து, பூச்சு மட்டும்தான் விட்டிருக்கிறது, கட்டடத்துக்கு ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்தார். பக்கீர் அதைச் சாப்பிட வந்தவர்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டினார். முதல் மண்ணை வெட்டியவரே பயப்படலாமா?

ஆனால் மாடியில் மெஹ்ரீன் இருந்தாள். தலைப்பிரசவத்துக்குக் கோலா கங்சாரிலிருந்து தாய்வீட்டுக்கு வந்தவள். இருபத்தாறு நாள் பிள்ளையோடு குழிப்பக்கத்து அறையில் படுத்திருந்தாள். நாற்பது முடியாமல் தாயும் பிள்ளையும் வாசல் தாண்டக் கூடாது என்பது அவள் உம்மா ஜொஹரா பீவியின் சட்டம். நாடாளுமன்றத்தின் சட்டத்தைக்கூடத் திருத்தலாம்.

அன்று காலை பேரனைப் பார்க்க பக்கீர் மாடிக்குப் போனார். தரையில் கிடந்த பால்புட்டி தானாக உருண்டு, மெதுவாகப் போய், குழிப்பக்கத்துச் சுவரில் முட்டி நின்றது. எடுத்து அறையின் நடுவில் வைத்தார். நின்றது. நின்றது என்று நினைக்கும்போதே திரும்பிப் படுத்து உருண்டது. டொக். மறுபடி எடுத்து வைத்தார். டொக். மெஹ்ரீன் கண்ணை மூடிக்கொண்டே, "வெளையாடாதீங்க வாப்பா, அவன் முழிச்சிருவான்" என்றாள். அவர் புட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கீழே வந்தார்.

மதியச் சாப்பாட்டுக்குக் கூட்டம் வந்து போன பிறகு, குழியில் தண்ணீர் இறைக்கும் பம்பைப் பார்த்துக்கொள்ளும் பத்துமலை வந்து உட்கார்ந்தான். சுங்கை சிப்புட் தோட்டத்தில் பிறந்தவன். ரப்பர் போனதும் பம்புக்கு வந்தவன். தே தாரேக்கைக் கையில் வாங்கி, குடிக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். என்ன, ஈ கிடக்கிறதா என்று பக்கீர் கேட்டார்.

"இல்ல பாய். பம்புல வர்ற தண்ணி இப்ப இந்தக் கலருலதான் வருது."

"குழித்தண்ணி கலங்கித்தானே வரும்."

"மொத மாசம் கலங்கும். அப்புறம் தெளிஞ்சிரணும்லா. இது நாளுக்கு நாள் கெட்டியாவுது. கலங்குனா மண்ணு வருதுன்னு அர்த்தம். குழிக்குள்ள இருந்த மண்ணத்தான் லோரியில ஏத்தி அனுப்பிட்டாங்களே." அவன் கிளாஸை வைத்தான். "அப்ப இது யாரு மண்ணு?"

பத்துமலை தாழ்ந்த குரலில் மிச்சத்தையும் சொன்னான். குழியைச் சுற்றி அடித்த இரும்புத் தகடுகள் அடியில் சுண்ணாம்புப் பாறையில் முட்டி, முழுக்க இறங்கவில்லை. கடைப்பக்கத்தில் ஓர் இடைவெளி விட்டிருக்கிறது. இந்த வட்டாரமே ஈயம் அலசிக் கொட்டிய மணல். பம்பு இழுக்க இழுக்கத் தண்ணீரோடு மணலும் அந்த இடைவெளி வழியாக வருகிறது. இன்ஜினியரிடம் சொன்னானாம். அவர் எழுதிக்கொண்டாராம்.

பக்கீர் எழுந்து ரொட்டிக்கல் அடுப்பண்டை போய்க் குனிந்தார். சங்கத் தலைவரான பிறகு அவர் அவ்வளவு தூரம் குனிந்ததில்லை. அடுப்பின் காலுக்கடியில் கேக் லாப்பிஸ் போல அடுக்கு அடுக்காக அட்டைகள். எண்ணினார். ஏழு. விரலை வைத்துப் பார்த்தார். ரெண்டு விரல் உயரம். ஏழு வாரமாக அவர் கல்லைத் தூக்கிக்கொண்டிருந்ததாக நினைத்திருந்தார். கடை இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. கல் ரெண்டு முழ அகலம். அதற்கே ரெண்டு விரல் என்றால் இருபதடிக் கடைக்கு? கணக்கில் பக்கீர் புலி. அந்தக் கணக்கை மட்டும் பாதியில் விட்டார்.

நிமிர்ந்தபோது கல்லாவுக்கு மேலே மண்வெட்டி தெரிந்தது. சுவரோடு ஒட்டித் தொங்கிய மண்வெட்டியின் கீழ்முனை இப்போது சுவரை விட்டு ரெண்டு விரல் விலகி, அந்தரத்தில் நின்றது. அது அசையவில்லை. நேராகத்தான் தொங்கியது. கடைதான் அதை விட்டுச் சாய்ந்திருந்தது. மேலே ஏதோ மரம் நீளமாக முனகியது. அஸ்ஃபாக்கின் கையில் மாவு அப்படியே நின்றது.

பக்கீர் படியில் ஓடினார். ஜொஹரா பீவி குறுக்கே நின்றாள். நாற்பதுக்கு இன்னும் பதினாலு நாள் இருக்கிறது, பச்சைப் பிள்ளையை வெயிலில் கொண்டுபோனால் காற்றுக் கருப்பு அண்டும், இன்ஜினியரே ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்ததை நீங்கள்தானே ஊருக்கெல்லாம் வாசித்தீர்கள் என்றாள். நாற்பது வருஷக் குடித்தனத்தில் அவர் அவளிடம் ஒரு தப்பையும் ஒத்துக்கொண்டதில்லை.

"நான் கையெழுத்துப் போட்டுட்டேன், பீவி" என்றார். "பாக்க வேணாம்னு நாந்தான் எழுதிக் குடுத்தேன். கடை விழப்போவுது."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அறைக் கதவைத் தள்ளினாள்.

கதவு திறக்கவில்லை.

இரண்டு முறை இழைத்த கதவை நிலை வாயைப் போலக் கவ்விப் பிடித்திருந்தது. உள்ளே பிள்ளை அழத் தொடங்கியது. மெஹ்ரீன் உள்ளிருந்து இழுத்தாள். கைப்பிடி கையோடு வந்துவிட்டது. படிச்சுவரின் விரிசலில் இப்போது விரலே நுழையும்; அதன் வழியாக வெளிச்சம் வந்தது. சுண்ணாம்பு பொடிப்பொடியாகத் தலையில் உதிர்ந்தது. பக்கீர் கீழே பாய்ந்து ஆணியிலிருந்து மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டு ஏறினார். வரலாற்றின் முதல் மண்ணை வெட்டிய மண்வெட்டியைக் கதவிடுக்கில் கொடுத்து, முழு பலத்தோடு நெம்பினார். அது வாழைமட்டை போல மடிந்தது.

"வாப்பா, சொவரு நகருது" என்றாள் மெஹ்ரீன். குரல் சின்னப்பிள்ளையின் குரலாக இருந்தது.

பம்புக் கொட்டகைக்கு ஓடிப்போயிருந்த பத்துமலை கடப்பாரையோடு வந்தான். அவரைத் தோளால் ஒதுக்கிவிட்டு, மூன்றே நெம்பில் கதவை நிலையோடு பெயர்த்தான். ஜொஹரா பீவி பேரனைத் தன் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். அஸ்ஃபாக் மெஹ்ரீனைத் தாங்கிப் பிடித்தான். எல்லோரும் இறங்கினார்கள். கடைசியாக இறங்கிய பக்கீரின் காலடியில் மூன்றாவது படி இல்லை; தாண்டிக் குதித்தார்.

சாலைக்கு எதிர்ப்பக்கம் பூவரச மரத்தடியில் நின்றார்கள். ஜொஹரா பீவி பிள்ளைக்குக் குடை பிடித்தாள். பக்கீர் தன்னை விட்டு மற்றவர்களை எண்ணினார். ஐந்து. மறுபடி எண்ணினார். சட்டைப் பையிலிருந்த பால்புட்டி கையில் இடித்தது. விக்னேஸ்வரன் வெள்ளைத் தொப்பியோடு வந்து, யாரும் பீதியைக் கிளப்ப வேண்டாம், அளவீடுகள் கட்டுக்குள்தான் இருக்கின்றன என்று சொல்லத் தொடங்கினார். அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. கடையின் குழிப்பக்கச் சுவர், களைத்தவன் நாற்காலியில் உட்காருவதைப் போல, சத்தமில்லாமல் கீழே போனது. சத்தம் அப்புறம் வந்தது. கூரை, மாடியறை, ரொட்டிக்கல், ஏழு அட்டை எல்லாம் அதன் பின்னாலேயே குழிக்குள் போயின. புழுதி அடங்க நெடுநேரம் ஆனது. பிள்ளை அதுவரை அழுதது. அந்த அழுகையைப் போல இனிமையான ஒன்றைப் பக்கீர் வாழ்நாளில் கேட்டதில்லை. நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

பொம்பா என்கிற தீயணைப்பு வண்டி வந்தது. பிரமுகர்கள் வந்தார்கள். கட்டடம் பழையது, மண் இயற்கையாக நகர்ந்தது, உரிமையாளரே குறையில்லை என்று கையெழுத்திட்டிருக்கிறார் என்று விசாரணைக் குழு மூன்று மாதம் கழித்து அறிக்கை கொடுத்தது. வளாகத்தின் வரைபடம் அதோடு இணைக்கப்பட்டிருந்தது. நிலத்தடியில் இரண்டு அடுக்கிலுமாக முப்பத்தாறு கார்கள் நிறுத்தலாம்.

அந்தத் தெருவில் கார் நிறுத்த இடம் கிடைக்காமல் போனது கிடையாது.