வொங்கானியின் காது

பேராசிரியர் கம்பாவுவா மாணவர்களைச் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கச் சொன்ன அன்றுதான் வொங்கானியின் புகழ் உச்சிக்குப் போனது. உளவியல் துறை வராந்தாவில் நாற்காலி போட்டு அவனை உட்கார வைத்திருந்தார்கள். ஒவ்வொருவராக வெறுங்காலோடு அவனைக் கடந்து போனார்கள். கண் தெரியாத வொங்கானி முகத்தை வலப்பக்கம் திருப்பி, இடக் காதைக் கொடுத்து, “தியாமிகே” என்று பேர் சொன்னான். “அடுத்தது அத்துபேலே” என்றான். ஒன்றுகூடத் தப்பவில்லை. செருப்போடு நடந்தபோது இரண்டு தப்பியிருந்தன. ஓசை குறையக் குறையக் காது கூடுதலாக வேலை செய்வதைக் கண்டு பேராசிரியருக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் எழுதிவந்த நூலுக்கு இப்படியொரு காதுதான் தேவைப்பட்டது.

நான் அந்தத் துறையின் சாவிக்கொத்தைச் சுமந்தவன். பொய் சொல்வது என் வழக்கமில்லை. மலாவி ஏரிக்கரையில் அதற்கு வேறு ஆட்கள் நிறைய இருந்தார்கள். சோளக்களி ஆறும் ஓசை வொங்கானிக்குக் கேட்கும் என்றார்கள். தண்ணீருக்கடியில் மீன் புரண்டு படுப்பதைக் கேட்டு வலைக்காரர்களுக்குத் திசை சொல்கிறான் என்றார்கள். பேனா கீறும் ஓசையிலேயே தன் மதிப்பெண்ணைக் கண்டுபிடித்துவிட்டான் என்று நானே இரண்டு பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

நடந்தது வேறு. வொங்கானிக்கு ஓரக் கண்ணில் கொஞ்சம் தெரியும். நேரே பார்த்தால் ஒன்றுமில்லை. முகத்தை ஒரு பக்கம் திருப்பினால் சட்டையின் நிறமும் ஆளின் உயரமும் நடையின் ஆட்டமும் ஓரத்தில் வந்து நிற்கும். எழுத்து தெரியாது, முகம் தெரியாது. ஆக, அவன் பார்க்கத் திரும்பியது ஊருக்குக் கேட்கத் திரும்பியதாகப் பட்டது. சேர்ந்த புதிதில் மஞ்சள் சட்டைக்காரன் ஒருவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டான். “என்னடா காது இது!” என்று வகுப்பே வாய் பிளந்தது. மறுக்க நினைத்தான், அதற்குள் கைதட்டிவிட்டார்கள். அரைகுறையாகத் தெரிகிறவன் தூணில் முட்டினால் குடித்திருக்கிறான் என்று சொல்லும் ஊரில், கைதட்டல் கிடைப்பது லேசான காரியமில்லை. கண்ணைக் கட்டிச் சோதிக்கலாமே என்று ஒருத்தி கேட்டாள். கண் தெரியாதவனின் கண்ணைக் கட்டுவது அநாகரிகம் என்று பேராசிரியர் அவளை வெளியே அனுப்பினார்.

மறு ஆண்டு லுசுங்கு வந்து சேர்ந்தாள். காய்ச்சலில் பார்வை முழுதாகப் போனவள். அதே நாற்காலியில் அவளை உட்கார வைத்தார்கள். ஒருத்தரைத்தான் சரியாகச் சொன்னாள், அதுவும் அத்துபேலே இருமியதால்.

“இந்தப் பொண்ணு தன் இழப்பை ஏத்துக்கவே இல்ல. அதான் காது திறக்கல,” என்றார் பேராசிரியர். “வெள்ளிக்கிழமை மறுபடி சோதிப்போம். அப்பவும் இப்படின்னா ஊருக்கு அனுப்பிட வேண்டியதுதான். கூடை முடையட்டும். வொங்கானியைப் பாருங்க, எப்படி இருக்கான்!”

எல்லோரும் பார்த்தார்கள். அவன் தரையைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டான்.

லுசுங்கு அன்றே அவனைத் தேடி வந்தாள். “அண்ணே, எப்படிண்ணே கேக்குறீங்க? எனக்கும் சொல்லித் தாங்களேன்.”

“அது... தானா வரும்.”

“வர மாட்டேங்குதே. கண்ணு போனப்ப அறிவும் சேர்ந்து போயிடுச்சு போல.” சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

அவன் கழுத்து எந்தச் சாய்வில் இருக்கும் என்று தோழிகளிடம் விசாரித்து, அதேபோல் கழுத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு நாள் முழுதும் வராந்தாவில் உட்கார ஆரம்பித்தாள். போகிற வருகிறவர்களை எல்லாம் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். எல்லாம் தப்பு. “ஏய் லுசுங்கு, நான் பிரின்சிபல்டி!” என்று பையன்கள் குதித்துப் போனார்கள். ஒருநாள் வழி தவறி வந்த ஆட்டை “அத்துபேலே” என்றாள். “பரவால்ல, அவன் சொந்தக்காரன்தான்!” என்றான் ஒருவன். வராந்தா உருண்டு சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்துவிட்டுக் கழுத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். தூரத்தில் நின்ற வொங்கானிக்கு, ஊர் கொண்டாடிய இரண்டு காதும் தீயாய் எரிந்தன. அன்று விடுதியில் அவன் தட்டில் மீனும் களியும் அப்படியே மீந்தன.

வியாழன் பிற்பகல் பேராசிரியரின் அறைக்குப் போனான். நான் அலமாரியைத் திறந்துகொண்டிருந்தேன்.

“ஐயா, எனக்குக் கொஞ்சம் கண்ணு தெரியும். நான் காதால சொல்லல. சட்டையைப் பார்த்துத்தான் சொன்னேன்.”

பேராசிரியர் எழுந்து வந்து அவன் தோளில் கை வைத்தார். “போன வாரம்தானே இந்தப் பாடம் நடத்தினேன்? கண்ணு போனவங்கள்ல சில பேரு தெரியுதுன்னே சாதிப்பாங்க. உனக்கு வருத்தம் ஜாஸ்தி, தம்பி.”

“ஐயா, உங்க டை செவப்பு.”

“தினமும் இதே டைதான்டா கட்டுறேன். ஊருக்கே தெரியும். சரி, இது எத்தனை விரலு?”

வொங்கானி முகத்தைத் திருப்பினான்.

“பாத்தியா? காதைத்தான் கொடுக்குற,” என்றார் அன்பாக. “இதையும் நூல்ல ஒரு அத்தியாயமாச் சேர்த்துடலாம். போய்த் தூங்கு.”

வெளியே வந்தான். அவளிடம் வராத வாய் பேராசிரியரிடம் வந்துவிட்டதே என்பதுதான் இப்போது அவனைத் தின்றது. அவரிடம் யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். சொல்ல வேண்டியவள் வராந்தாக் கோடியில், கழுத்தைத் திருப்பியபடி தனியாக உட்கார்ந்திருந்தாள். மற்றவர்கள் பந்து விளையாடப் போய்விட்டார்கள்.

அவன் காலடி நின்றதும் அவள் நிமிர்ந்தாள். “இருங்க, இருங்க. நானே சொல்றேன். தியாமிகே?”

அவன் கால் மாற்றி நின்றான்.

“இல்ல, அவ காலைத் தேச்சு நடப்பா. அத்துபேலே? ... சாவிக்காரத் தாத்தாவா?”

வகுப்பில் இருந்த பேரெல்லாம் தீர்ந்தன. அவன் பேர் மட்டும் வரவில்லை. வொங்கானி அண்ணன் இப்படிச் சும்மா நிற்க மாட்டான் என்று நினைத்தாளோ என்னவோ. அவன் நின்ற இடத்துக்கு எட்டத்தில் இருந்த தூணிடம்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். நெற்றி வியர்த்திருந்தது.

“நாளைக்குச் சரியாச் சொல்லிடுவேன், பாருங்க,” என்று தூணைப் பார்த்துச் சிரித்தாள்.

வொங்கானி மெல்ல நகர்ந்து போய், தூணுக்கும் அவளுக்கும் நடுவில் நின்றான். கழுத்தை நிமிர்த்தி முகத்தை அவளுக்கு நேரே வைத்தான். வைத்ததும் அவள் நெற்றி, சிரிப்பு, சட்டையின் பச்சை எல்லாம் போயின. எதிரே வெறும் சாம்பல் நிறம்.

அதற்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. “கிட்ட வந்துட்டீங்க, இல்ல? சொல்லாதீங்க, சொல்லாதீங்க.”